கோப்பையும் குப்பையும்

தேநீர் அருந்துதல் எமது பல்கலைக்கழக வாழ்வின் பிரிக்கவியலாத கூறுகளுள் ஒன்று. விரிவுரைகளுக்கு இடைப்பட்ட ஓய்வுநேரம், கருத்தரங்கின் நடுப்பகுதி, சங்கக் கூட்டத்தின் நிறைவு, பரீட்சைக்கு முந்திய இரவு ஆகிய யாவற்றிலும் அது தனக்குரிய இடத்தைப் பெற்றுள்ளது. அதனை எவரும் குறைகூறப் போவதில்லை. ஆயின், அத்தேநீர் எதிலே தரப்படுகின்றது என்னும் வினா அண்மைக்காலத்தில் எழுந்துள்ளது. எழுந்தும் உரிய விடை பெறாது நிற்கின்றது. கண்ணாடிக் குவளையிலும் பீங்கான் கோப்பையிலும் தரப்பட்டுவந்த தேநீர் இன்று பல இடங்களிற் கடதாசிக் கோப்பையிலே தரப்படுகின்றது. ஐந்து நிமிடத்தில் அருந்தி முடிக்கப்படும் பானத்துக்கென உற்பத்திசெய்யப்பட்ட பொருளொன்று, அவ்வைந்து நிமிடம் கழிந்ததும் குப்பையாகின்றது.

இம்மாற்றம் ஒருநாளில், ஒருவருடைய தீர்மானத்தால் நிகழ்ந்ததன்று. சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக்காரருக்கு அது ஆட்செலவைக் குறைத்தது. மாணவருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தது. விழா அமைப்பாளருக்கு விழா முடிந்தபின் எஞ்சும் வேலையைக் குறைத்தது. நகரங்களிலே தோன்றியுள்ள புதுவகைக் கோப்பிச்சாலைகளோ அதற்கு நாகரிக மதிப்பொன்றையும் அளித்துவிட்டன. மேசையில் அமர்ந்து ஆறுதலாக அருந்துபவருக்குங்கூட மூடியிட்ட கடதாசிக் கோப்பையிலே கோப்பி வந்து சேருகின்றது. யாவருக்கும் வசதியாய் இருந்தமையால் எவரும் அதனைத் தடுக்க முற்படவில்லை.

வினா எழுப்பியோருக்கு இருவகை விடைகள் கிடைத்துள்ளன. "கடதாசிதானே, மண்ணில் உக்கிப்போய்விடும்" என்பது முதலாவது. "அக்கறையுள்ளவர் தத்தமது கோப்பையைக் கையோடு கொண்டுவரட்டும்" என்பது இரண்டாவது. இவ்விரு விடைகளும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். முதலாவது பொருளின் தன்மையை மறைக்கின்றது. இரண்டாவது பொறுப்பை உரியவரிடமிருந்து எடுத்து மற்றொருவர் தோளில் ஏற்றுகின்றது. தேநீர் விற்பவரே கழுவிய பொதுக் கோப்பையில் அதனைத் தரவேண்டும். கோப்பையைக் கழுவுதல் தேநீர் விற்பனையின் ஒரு பகுதியேயன்றி அருந்துவோரின் தனிப்பட்ட ஒழுக்கம் சார்ந்த விடயமன்று. ஒருமுறை அருந்தி வீசப்படும் கோப்பையை இனி வசதி கருதி எறிகோப்பை எனக் குறிப்பிடுவோம்.

கடதாசி என்னும் பெயர்

கடதாசி நீரை உறிஞ்சும் இயல்புடையது. கொதிக்கும் தேநீரைக் கடதாசி மாத்திரம் தாங்காது என்பதை அறிய இரசாயனவியல் பயின்றிருக்க வேண்டியதில்லை. எனவே, கடதாசிக் கோப்பையின் உட்புறத்திலே பொலித்தீன் படலமொன்று ஒட்டப்படுகின்றது. கோப்பையின் நிறையில் அது ஏறத்தாழ இருபதிலொரு பங்குதான். ஆயினும், அந்தச் சிறு பங்கே அக்கோப்பையின் விதியைத் தீர்மானிக்கின்றது. படலம் ஒட்டியிருப்பதால் அது எளிதில் உக்குவதில்லை. அதே காரணத்தால் சாதாரண கடதாசி ஆலை அதனை மீள்சுழற்சிக்கு ஏற்பதுமில்லை. உக்கும் குப்பை, உக்காத குப்பை என எமது வளாகங்களில் இருவகைத் தொட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. இக்கோப்பையை எதனுள் இடுவது என்று கேட்டால், தொட்டியை வைத்தவரே தடுமாறுவார்.

இதனை மிகை என்போர் பிரித்தானிய அனுபவத்தை நோக்கலாம். அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் சுற்றாடற் கணக்காய்வுக் குழு 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கு ஆண்டொன்றுக்கு 250 கோடி கோப்பிக் கோப்பைகள் வீசப்பட்டன. அவற்றுள் மீள்சுழற்சிக்கு உட்பட்டவை 400 இல் ஒன்றுக்கும் குறைவு. குப்பையைத் தரம்பிரிக்கும் ஏற்பாடுகளும் ஆலைகளும் நிறைந்த நாட்டின் நிலை இதுவெனின், திறந்தவெளியிற் குப்பை கொட்டும் எமது நாட்டின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அருந்துவோரின் உடல்நலம் பற்றியும் ஈண்டு ஒரு சொல் கூறுதல் தகும். இந்தியாவின் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் 2020 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 85 முதல் 90 பாகை வெப்பமுள்ள நீர் 100 மில்லிலீற்றர் அளவு கடதாசிக் கோப்பையில் 15 நிமிடம் இருக்கும்போது, ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதிலே கலக்கின்றன. அத்துகள்கள் உடலில் விளைவிப்பன பற்றிய ஆய்வுகள் தொடர்ந்தவண்ணமுள்ளன. எவ்வாறாயினும், 'கடதாசியில் அருந்துகின்றோம்' என்னும் நம்பிக்கை தவறானது என்பது தெளிவு. நாம் அருந்துவது பொலித்தீனில்; கடதாசி அதற்கு வெளிச்சட்டை.

எமது நாட்டின் சட்டங்கள் இவ்வெளிச்சட்டையிடம் ஏமாந்துவிட்டன. 2017 செப்ரெம்பரில் உணவு பொதியிடும் பொலித்தீன் தாளும், ரெஜிபோம் எனப்படும் நுரைப்பிளாஸ்டிக்கில் ஆன உணவுப்பெட்டி, தட்டு, கோப்பை ஆகியனவும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்ரோபர் 1 ஆம் திகதி தொடக்கம் ஒருமுறைப் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி முதலியவற்றுக்கும் தடை விதிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகளே. ஆயின், நுரைக் கோப்பை போன இடத்திலே கடதாசிக் கோப்பை வந்து அமர்ந்தது. வீசியெறியும் வழக்கத்தைத் தொடாது, வீசப்படும் பொருளை மாத்திரம் மாற்றியதால் வந்த விளைவு இது.

தமிழகம் இவ்வகையில் ஒருபடி முன்சென்றது. 2019 ஜனவரி 1 ஆம் திகதி அங்கு நடைமுறைக்கு வந்த தடையிற் பிளாஸ்டிக் பூசிய கடதாசிக் கோப்பையும் சேர்க்கப்பட்டது. உற்பத்தியாளர் வழக்குத் தொடுத்தனர். 2023 ஒக்ரோபரில் இந்திய உச்சநீதிமன்றம் அத்தடையை உறுதிசெய்தது. தடை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகின்றது என்பது வேறு வினா. கடதாசி என்னும் பெயர் மாத்திரமே ஒரு பொருளைக் குற்றமற்றதாக்கிவிடாது என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுள்ளமையே மனங்கொள்ளத்தக்கது.

எவர் முற்றத்துக் குப்பை?

குப்பை அழிவதில்லை, இடம் மாறுகின்றது. எமது கையிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து எவரோ ஒருவரின் முற்றத்துக்கும் அது போகின்றது. அந்த எவரோ ஒருவர் யார் என்பதைப் பல்கலைக்கழகத்தாராகிய நாம் வினவவேண்டும்.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவைக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, அயலிலிருந்த குடிமனைகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் வீடிழந்தனர். கொழும்பின் குப்பையைச் சுமந்தவர் அதனை உற்பத்திசெய்த செல்வந்தரல்லர். மேட்டின் அடிவாரத்திற் குடியிருந்த உழைக்கும் மக்களே. அதன்பின்னர் அக்குப்பைக்குப் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காடு இடமாகக் குறிக்கப்பட்டது. புத்தளத்து மக்கள் 2018 இலும் 2019 இலும் வீதிக்கு வந்து தமது எதிர்ப்பைத் தெரிவித்தனர். தலைநகர் அருந்திய கோப்பியின் கோப்பையைத் தாம் ஏன் ஏற்கவேண்டும் என்னும் அவர்களது நியாயத்துக்கு இன்றுவரை நேர்மையான விடை கூறப்படவில்லை.

கண்டியின் குப்பை கொஹாகொடவில், மகாவலியின் கரையோரத்திலே குவிக்கப்பட்டது. அதன் கழிவுநீர் ஆற்றை நாடியே வடிகின்றது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்டிக்கை உண்ட யானைகள் இறந்துள்ளன; முந்திய எட்டாண்டுகளில் இருபது யானைகள் வரையில் அங்ஙனம் மாண்டன என 2022 ஜனவரியில் வெளிவந்த செய்திகள் கூறின. உணவின் மணமேறிய பொலித்தீனுக்கும் உணவுக்கும் இடையிலான வேறுபாட்டை யானை அறியாது. அறியக்கூடிய நாமோ அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

பொருளாதாரத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி இறக்குமதி தடைப்பட்டு, மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாளேடுகள் சில அச்சிடுதலை நிறுத்தின. பிள்ளைகளின் வினாத்தாளுக்குக் கடதாசி வாங்க வழியற்றிருந்த நாடு நாம் என்பதை இத்துணை விரைவில் மறந்துவிட்டோம். வாழைச்சேனையிலே 1950களில் எழுந்து, எமது வயல்களின் வைக்கோலைக் கடதாசியாக்கிய ஆலை நலிவுற்ற கதையையும் நாம் அறிவோம். கடதாசியின் அருமை தெரிந்த சமூகமொன்று ஐந்து நிமிடப் பாவனைக்காக அதனை அள்ளி வீசுதல் எவ்வகையிலும் நியாயப்படுத்தவியலாத ஊதாரித்தனமாகும்.

சுகாதாரமும் சமத்துவமும்

எறிகோப்பையை ஆதரிப்போரின் வலுவான வாதம் சுகாதாரம் பற்றியது. அதனை எள்ளி நகையாடுதல் முறையன்று. ஏனெனில், எறிகோப்பை பிறந்ததே அக்காரணத்தினால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புகையிரதங்களிலும் பாடசாலைகளிலும் நீர்த்தொட்டியருகே ஒற்றைக் கோப்பை சங்கிலியிற் கட்டப்பட்டிருந்தது. வந்தவர் அனைவரும், நோயாளரும் நோயற்றவரும், அதனைக் கழுவாமலே பயன்படுத்தினர். பொஸ்ரனைச் சேர்ந்த லோறன்ஸ் லுவெலன் 1907 இற் கடதாசிக் கோப்பையை உருவாக்கினார். 1909 இற் கன்சாஸ் மாநிலம் பொதுக் கோப்பையைத் தடைசெய்தது. ஏனைய மாநிலங்கள் பின்தொடர்ந்தன. காசநோய் மலிந்திருந்த காலத்தில் அது தேவையான சீர்திருத்தமே.

ஆயின், அன்று தடைசெய்யப்பட்டது கழுவாத பொதுக் கோப்பை என்பதைக் கவனித்தல் வேண்டும். கழுவிய கோப்பைக்கு எதிராகச் சுகாதாரவியல் அன்றும் எதனையும் கூறவில்லை, இன்றும் கூறவில்லை. கொவிட் தொற்றுப் பரவிய 2020 இல், எறிகோப்பையே பாதுகாப்பானதென்னும் அச்சம் எங்கும் பரப்பப்பட்டபோது, பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர் கூட்டறிக்கையொன்றை வெளியிட்டனர். அடிப்படைச் சுகாதாரத்தைப் பேணினால் மீளப் பயன்படுத்தும் பாத்திரங்கள் பாதுகாப்பானவையே என அவர்கள் தெளிவுறக் கூறினர். மருத்துவமனையின் உணவுத் தட்டும், நாம் சோறு உண்ணும் கோப்பையும் கழுவித்தான் மீளப் பயன்படுகின்றன. தேநீர் மாத்திரம் விதிவிலக்காவது எங்ஙனம்?

சுகாதாரம் என்னும் சொல் எமது சமூகத்தில் வேறொன்றையும் சுமந்து வந்துள்ளது. யாழ்ப்பாணத்திற் குடிகலம் ஒருபோதும் வெறுங் குடிகலமாக இருந்ததில்லை. உதடு படாது அண்ணாந்து பருகுவதற்கென அமைந்த மூக்குப்பேணி எமது கைவினைத் திறனுக்கு எடுத்துக்காட்டு. அதேவேளை, எச்சில், தீட்டு ஆகிய எண்ணங்கள் எம்மவர் அன்றாட வாழ்வில் எத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தன என்பதற்கும் அது சான்று. தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே அமர இடமளிக்கப்படவில்லை. ஏனையோருக்குக் கண்ணாடிக் குவளை தரப்பட்ட அதே கடையில், அவர்கள் வெளியே நின்று சிரட்டையிலும் தகரப்பேணியிலும் போத்தலிலும் வாங்கி அருந்தவேண்டியிருந்தது.

1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும், சட்டப் புத்தகத்திலிருந்து குவளை தானாக இறங்கி எவர் கைக்கும் வந்துவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சிகளும், 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1967 இல் உருப்பெற்ற தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அதனைப் பெற்றுத்தந்தன. அப்போராட்டங்களில் அடியுண்டவர் உளர். உயிர் ஈந்தவரும் உளர். கடையின் உள்ளே, ஒரே வாங்கில் அமர்ந்து, எவரும் அருந்திக் கழுவிய அதே குவளையில் அருந்தும் உரிமைக்காகவே அவர்கள் போராடினர். கழுவிய பொதுக் கோப்பை என்பது எமது மண்ணில் இரத்தம் சிந்திப் பெற்ற பொருளாகும்.

'எறிகோப்பை அனைவருக்கும் ஒன்றுதானே. அதிற் சாதி எங்கே?' என்று கேட்போர் உளர். இக்கேள்விக்குத் தமிழகத்தின் சில கிராமங்கள் விடையளித்துள்ளன. இரட்டைக் குவளை முறைக்கு எதிராகச் சட்டமும் இயக்கங்களும் நெருக்கியபோது, அங்குள்ள சில தேநீர்க்கடைகளில் தலித் மக்களுக்கு எறிகோப்பையும் ஏனையோருக்குக் கண்ணாடி அல்லது உலோகக் குவளையும் தரப்பட்டமையைக் கள ஆய்வுகளும் நாளேடுகளும் பதிவுசெய்துள்ளன. சிரட்டையின் இடத்திற் கடதாசிக் கோப்பை வந்தது, மனப்பான்மை மாறவில்லை. எறிகோப்பை தரும் ஒவ்வொருவரும் இந்நோக்குடையவர் என்று கூறுவது அநீதியாகும். ஆயினும், மற்றவர் வாய்பட்ட பாத்திரத்தை, அது எத்துணை நன்கு கழுவப்பட்டிருப்பினும், அருவருக்கும் உணர்வுக்கு எறிகோப்பை நயமானதோர் ஒளிப்பிடமாக அமையலாம் என்பதை மறுத்தல் அரிது.

இன்னொரு மறைப்பும் உண்டு. கோப்பை கழுவும் தொழில் இழிவானது என்னும் எண்ணம் எம்மிடையே நிலவுகின்றது. எறிகோப்பை வந்ததும் அத்தொழிலாளி எமது கண்முன்னிருந்து அகற்றப்பட்டார். தொழில் அகன்றதா? இல்லை. கோப்பை கழுவிய கைக்குப் பதிலாகக் குப்பை அள்ளும் கை வேண்டியதாயிற்று. அக்கை எமது பார்வைக்கு அப்பால், மாநகரசபை வண்டியின் பின்னே, குறைந்த ஊதியத்துக்கு உழைக்கின்றது. எமது வசதியின் பெயர் இதுவே.

கழுவுதலின் கணக்கு

'கழுவ நீர் வேண்டும், ஆள் வேண்டும், செலவு வேண்டும். கணக்குப் பார்த்தால் எறிகோப்பையே இலாபம்' என்னும் மறுப்பை இனி எடுத்துக்கொள்வோம். கணக்குப் பார்ப்பதற்கு நாம் அஞ்சவேண்டியதில்லை.

கனடாவின் விக்ரோறியாப் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் மாட்டின் ஹொக்கிங், 1994 இல் வெளியிட்ட ஆய்வில் இக்கணக்கைச் செய்தார். கோப்பையைச் செய்வதற்கு வேண்டிய சக்தியுடன் அதனை இயந்திரத்திற் கழுவும் சக்தியையும் சேர்த்து அவர் ஒப்பிட்டார். கடதாசிக் கோப்பையோடு ஒப்பிடும்போது, கண்ணாடிக் குவளை 15 முறையும் பீங்கான் கோப்பை 39 முறையும் பயன்பட்டால் ஈடாகிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு பாவனையும் இலாபமே. மெல்லிய நுரைக் கோப்பையுடன் ஒப்பிட்டால் இவ்வெண்கள் மிக உயர்ந்துவிடும் என்பதையும் அவர் காட்டினார். நேர்மை கருதி அதனையும் இங்குக் குறிப்பிடுகின்றோம். ஆயின், நுரைக் கோப்பை எமது நாட்டில் 2017 இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. அதன் குறைந்த நிறையை மாத்திரம் கண்டு, அது மண்ணிலும் கடலிலும் கிடக்கும் காலத்தைக் காணாதிருத்தலும் முறையன்று.

இதனை எமது நிலைமைக்குப் பொருத்துவோம். நாளொன்றுக்கு 1,000 தேநீர் விற்கும் சிற்றுண்டிச்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டில் 200 நாள் அது இயங்குவதாகக் கொண்டால், வீசப்படும் கோப்பைகள் இரண்டு இலட்சம். கோப்பையொன்றின் நிறை மூன்று கிராம் எனக் கொண்டால், ஆண்டுக்கு 600 கிலோகிராம் குப்பை. அதே தேவையை, நாளுக்கு நான்கு முறை கழுவிப் பயன்படும் 250 கண்ணாடிக் குவளைகள் நிறைவுசெய்யும். மேற்கூறிய 15 பாவனைகள் நான்காம் நாளிலேயே கடந்துவிடுகின்றன. ஆண்டுக்குள் அவற்றிற் பாதி உடைந்துபோயினும், ஒருபுறம் 125 குவளைகளின் கண்ணாடித் துண்டுகள். மறுபுறம் இரண்டு இலட்சம் கோப்பைகள். எமது சிற்றுண்டிச்சாலைகளில் இயந்திரமின்றிக் கையாலேயே கழுவுவது வழக்கம். சவர்க்காரமும் சுடுநீரும் ஒழுங்கான கழுவுதொட்டியும் வேண்டும் என்பது உண்மையே. அவற்றை அமைத்துக் கொடுப்பது எந்தவொரு நிருவாகத்துக்கும் இயலாத காரியமன்று.

எஞ்சுவது ஆட்செலவு. கோப்பை கழுவுபவருக்குக் கொடுக்கவேண்டிய ஊதியத்தை மிச்சப்படுத்தி, அதனாலுண்டாகும் குப்பையின் செலவை உள்ளூராட்சி மன்றத்திடமும், ஆற்றிடமும், குப்பைமேட்டயலில் வாழ்வோரிடமும் ஒப்படைத்தலையே 'இலாபம்' என்கின்றனர். தனியொருவரின் செலவைச் சமூகத்தின் தலையிற் கட்டி, வரவைத் தனக்கென வைத்துக்கொள்ளும் பழைய வணிகத் தந்திரத்தின் சிறிய வடிவமே எறிகோப்பை. சிறியதாய் இருப்பதனால் அது எமது கண்ணுக்குத் தப்புகின்றது.

தனிமனித ஒழுக்கமா, பொது ஏற்பாடா?

'ஒவ்வொருவரும் தமது கோப்பையைக் கொண்டுவரட்டும்' என்னும் போதனை நல்லெண்ணத்திற் பிறந்ததாகலாம். கொண்டுவருவோரை நாம் பாராட்டுகின்றோம். ஆயின், அதனையே தீர்வாக முன்வைத்தல் பிரச்சினையைத் திசைதிருப்புவதாகும். காலை எட்டு மணிக்குப் பேருந்தில் இடிபட்டு வந்து, நான்கு விரிவுரைகளுக்கு ஓடும் மாணவி தனது கோப்பையை மறந்துவிட்டால் குற்றவாளியாகின்றாள். ஆயிரம் எறிகோப்பைகளை அடுக்கி வைத்திருப்பவரிடம் எவரும் எதனையும் கேட்பதில்லை.

இப்போதனையின் பயன் எவ்வளவு என்பதும் ஆராயப்பட்டுள்ளது. பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் பல்கலைக்கழகங்களிலும் பணியிடங்களிலும் நடத்தி 2017 இல் வெளியிட்ட கள ஆய்வு, சொந்தக் கோப்பை கொண்டுவருவோருக்கு விலைக்கழிவு வழங்குவது பயனளிக்கவில்லை எனவும், எறிகோப்பைக்குத் தனிக் கட்டணம் விதிப்பது பயனளித்தது எனவும் கண்டது. அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு கோப்பையொன்றுக்கு 25 பென்ஸ் கட்டணம் விதிக்கப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. மறுபுறத்தில், ஜேர்மனியின் பிறைபேர்க் நகரம் 2016 இல், ஒரு யூரோ வைப்புப் பணத்துக்குக் கோப்பையை எடுத்துச் சென்று நகரிற் பங்கேற்கும் எந்தக் கோப்பிச்சாலையிலும் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஏற்பாட்டைத் தொடங்கியது. அதே நாட்டின் ரியூபிங்கன் நகரம் 2022 இல் எறிகோப்பைக்கு வரி விதித்தது. அவ்வரி செல்லுபடியாகும் என்பதை ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

தென்கொரியா 2018 ஓகஸ்டில், கோப்பிச்சாலையுள் அமர்ந்து அருந்துவோருக்கு ஒருமுறைப் பிளாஸ்டிக் கோப்பை வழங்குவதைத் தடைசெய்தது. ஆயின், கடதாசிக் கோப்பைக்கும் அவ்விதியை விரிக்க முற்பட்டபோது, வணிகரின் எதிர்ப்புக்கு முகங்கொடுக்காது 2023 நவம்பரிற் பின்வாங்கியது. கடதாசி என்னும் பெயர் அங்கும் வென்றது. பொது ஏற்பாடும் உறுதியான விதியும் உள்ள இடத்தில் எறிகோப்பை பின்வாங்குகின்றது. விதி தளரும் இடத்தில் அது மீள்கின்றது என்பதே இவ்வனுபவங்களின் பாடம்.

மேலைநாட்டு உதாரணங்கள் எமக்கு எட்டாதவை என எவரும் கருதவேண்டியதில்லை. எமது ஊர்களிலேயே இதற்கான முறைமை இருந்தது. கலியாண வீட்டுக்கும் மரணவீட்டுக்கும் வேண்டிய கதிரைகளையும் தட்டுகளையும் குவளைகளையும் சனசமூக நிலையங்கள் வைத்திருந்து வாடகைக்குக் கொடுத்தன. நூறு குவளை எடுத்தவர் நூறு குவளையைக் கழுவி எண்ணிக் கொடுத்தார். உடைந்ததற்கு விலை செலுத்தினார். வட்டாரத்துக்கே உரிய பொதுச் சொத்தாகக் குவளை இருந்தது. இன்று அதே ஊர்களின் தண்ணீர்ப்பந்தலிலும், தென்பகுதியின் வெசாக் தன்சல்களிலும் எறிகோப்பைகள் வீதியோரத்தை மூடுகின்றன. தாகம் தீர்க்கும் அறச்செயலொன்று வடிகாலை அடைக்கும் செயலாகவும் முடிதல் வருந்தத்தக்கது.

நாம் செய்யவேண்டுவன

பல்கலைக்கழகம் நாட்டுக்கு அறிவுரை கூறும் இடம். சுற்றாடற் பாதுகாப்புப் பற்றிய கருத்தரங்கின் இடைவேளையில், கருத்துரைத்த பேராசிரியரும் குறிப்பெடுத்த மாணவரும் எறிகோப்பையைக் கையிலேந்தி நிற்கும் காட்சி எமக்குப் புதிதன்று. அக்காட்சி நீடிக்கும்வரை எமது அறிவுரைக்கு மதிப்பிராது. எனவே, பின்வருவனவற்றை நாம் வற்புறுத்துகின்றோம்.

சிற்றுண்டிச்சாலைக் குத்தகை ஒப்பந்தங்களிலே, உள்ளே அமர்ந்து அருந்துவோருக்குக் கழுவிய கோப்பையிலேயே பானம் வழங்கப்படல் வேண்டும் என்னும் நிபந்தனை எழுதப்படல் வேண்டும். அதற்குரிய கழுவுமிடத்தையும் நீரையும் நிருவாகம் வழங்கவேண்டும். கழுவும் தொழிலாளிக்கு முறையான ஊதியம் கொடுக்கப்படல் வேண்டும். இரண்டு ரூபா மிச்சத்துக்காகச் சிறுவரை அவ்வேலைக்கு அமர்த்தும் வழக்கத்துக்கு இடமளித்தலாகாது. வெளியே எடுத்துச் செல்வோருக்கு எறிகோப்பை வேண்டுமாயின், அதன் விலை தேநீரின் விலையோடு சேர்க்கப்படாது தனியே குறிக்கப்பட்டு அறவிடப்படல் வேண்டும். தாம் எதற்குப் பணம் கொடுக்கின்றோம் என்பதை அருந்துவோர் அறியட்டும்.

மாணவர் அமைப்புக்களுக்கும் சங்கங்களுக்கும் வேறொரு பொறுப்பு உண்டு. நிருவாகத்தின் சுற்றறிக்கைக்குக் காத்திராது, சங்கங்கள் கூடி ஐந்நூறு குவளைகளை வாங்கி, பொதுவில் வைத்துச் சுழற்சிமுறையிற் பயன்படுத்தலாம். விழா முடிந்தபின் அவற்றைக் கழுவுவதற்கு உறுப்பினர் முறைவகுத்து நிற்கலாம். மேடையில் உரையாற்றியவரும் மண்டபத்திற் கேட்டிருந்தவரும் அம்முறையில் அடங்குவர். கோப்பை கழுவுதல் எவருக்கும் இழிவன்று என்பதைச் சொல்லாற் கற்பிப்பதைவிடச் செயலாற் கற்பித்தல் எளிது. எமது தமிழ்ச் சங்கமே இதனை முதலில் தொடங்குதல் பொருத்தமானது. அடுத்த கலைவிழாவே அதற்கு ஏற்ற நாளாகும்.

இவை சிறிய காரியங்கள் என்று சிலர் கூறுவர். மீதொட்டமுல்லை மேடு கோப்பையாலும் தாளாலும் பையாலும் ஆன சிறிய காரியங்களாலேயே உயர்ந்தது. தேநீர்க்கடையில் ஒரு குவளை கேட்டதும் அன்று சிறிய காரியமாகவே பலருக்குத் தோன்றியது. அக்குவளையைக் கேட்டுப் பெற்றவரின் பேரப்பிள்ளைகள் இன்று எம்முடன் இதே வளாகங்களிற் பயில்கின்றனர். அவர்கள் பெற்றுத்தந்த குவளையைக் கழுவிவைக்கச் சோம்பி, அதனை நாம் கைவிடலாகாது. அதனை மீண்டும் மேசைக்குக் கொண்டுவருதல் எமது தலைமுறையின் கடமை.